கட்டியவர் கற்றுத்தரக் கூடாதா?

“புருஷன்கிட்ட மட்டும் எதையும் கத்துக்காதே, வீடு ரெண்டாயிடும்.” பேராக்கில் தமிழர் வீட்டு விசேஷம் எதற்குப் போனாலும் யார் வாயிலிருந்தாவது இது வந்துவிடும். கார் ஓட்டுவதில் தொடங்குகிற பேச்சு நீச்சல், கணினி என்று போய், கடைசியில் எல்லாவற்றுக்கும் பொருந்தும் சட்டமாகிவிடும். சொல்பவரிடம் சான்றாக ஒரு கதையும் தயாராக இருக்கும்: கணவர் கத்தியதால் பாதி வழியில் காரை நிறுத்தி இறங்கி நடந்துவிட்ட மனைவி. நடந்த இடம் கம்பார் என்பார்கள், மெங்லெம்பு என்பார்கள். கதை என்னவோ ஒன்றுதான். கேட்பவர்கள் சிரித்துத் தலையாட்டுவார்கள். அந்த மேசையில் யாரும் மறுத்துப் பேசி நான் கேட்டதில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

இந்தக் கருத்து தவறு. பெண்களுக்குத் தீங்கு செய்கிற தவறு. நல்லெண்ணத்தோடு சொல்லப்படுவதால் அந்தத் தீங்கு யார் கண்ணிலும் படுவதில்லை.

என் அண்ணன் மகள் ஈப்போவில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் இருக்கிறாள். அவள் கணவர் சின்ன வயதிலிருந்தே நீர்ச்சறுக்கு விளையாடுபவர். படகில் துணைக்கு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள் ஒரு கட்டத்தில் தானும் தண்ணீரில் இறங்கிவிட்டாள். இப்போது ஸ்லாலம் பழகுகிறாள். தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது அவர்களுக்குள் இதனால் கொஞ்சம் மனக்கசப்பு இருப்பது தெரிந்தது. உடனே சித்தியும் பெரியம்மாவும் ஒரே குரலில் தீர்ப்பு சொல்லிவிட்டார்கள்: மாப்பிள்ளை ஒதுங்கிக்கொள்ளட்டும், காசு கொடுத்து ஒரு வெள்ளைக்காரக் கோச்சிடம் போ. அவளும் பாதி நம்பிவிட்டாள்.

ஸ்லாலம் எப்படிப்பட்ட விளையாட்டு என்று தெரிந்தால்தான் அந்தக் கசப்பு எங்கே பிறந்தது என்று புரியும். மோட்டார்ப் படகு நேர்கோட்டில் ஓடும். கயிற்றின் கைப்பிடியைப் பிடித்து, ஒரே பலகையில் ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக நிற்பவர், படகுப் பாதையின் இரு பக்கமும் மாறி மாறி மிதக்கிற ஆறு மிதவைகளைச் சுற்றி வர வேண்டும். நுழைவாயிலிலிருந்து கடைசி வாயில் வரை 259 மீட்டர். மிதவைகள் நடுக்கோட்டிலிருந்து 11.5 மீட்டர் தள்ளி இருக்கும். ஒரு மிதவைக்கும் அடுத்ததற்கும் நடுவே படகு 41 மீட்டர் ஓடும். பெண்களுக்கு உச்ச வேகம் மணிக்கு 55 கிலோமீட்டர், ஆண்களுக்கு 58. 55 இல் போனால் பாதை முழுவதும் 17 விநாடியில் முடிந்துவிடும். மிதவைக்கு மிதவை மூன்று விநாடிகூடக் கிடைக்காது. ஆறையும் சுற்றி வந்துவிட்டால் அடுத்த ஓட்டத்துக்கு வேகம் 3 கிலோமீட்டர் கூடும். உச்ச வேகத்தை எட்டிய பிறகு கயிறு குறைய ஆரம்பிக்கும்: 18.25 மீட்டரிலிருந்து 16, பிறகு 14.25, 13, 12, 11.25 என்று. 11.25 மீட்டரில் கயிறு மிதவை வரைக்கும் எட்டவே எட்டாது. உடம்பைத் தண்ணீரோடு தண்ணீராகச் சாய்த்து, ஒற்றைக் கையை நீட்டித்தான் பலகையை மிதவைக்கு அப்பால் கொண்டுபோக வேண்டும்.

புதியவர் ஓடுவதைப் படகிலிருந்து பார்ப்பவருக்குப் பத்துப் பிழைகள் தெரியும். எடை முழுவதும் பின்காலில், முழங்கை மடங்கியிருக்கிறது, கைப்பிடி இடுப்பை விட்டு மார்புக்கு ஏறிவிட்டது, பார்வை மிதவை மேலேயே குத்தி நிற்கிறது, நான்காவது மிதவைக்குத் தாமதம், ஐந்தாவதில் கயிறு தொய்ந்து வெடுக்கென்று இழுக்கிறது. விஷயம் தெரிந்தவர் இவற்றில் பெரும்பாலானதைப் பொருட்படுத்த மாட்டார். வாயிலுக்கு முன்பே படகின் பக்கவாட்டில் போதிய அளவு அகலமாக விலகிப் போகாதவர், வாயிலைத் தாமதமாகக் கடப்பார். முதல் மிதவைக்கு அதனால் தாமதம். அந்தத் தாமதம் மிதவைக்கு மிதவை வளர்ந்துகொண்டே போகும். ஐந்தாவதில் கண்ட தவறு வாயிலிலேயே நடந்துவிட்ட தவறு. அதைத் திருத்தினால் மற்றவற்றில் பாதி தானாகச் சரியாகும். ஆகவே கற்றுத்தருபவர் அந்த நாளில் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: இன்னும் சீக்கிரம், இன்னும் அகலமாகப் போ.

மாப்பிள்ளை என்ன செய்துகொண்டிருந்தார்? ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் படகைத் திருப்பி அவள் பக்கத்தில் நிறுத்தி, பத்தையும் சொன்னார். அன்போடுதான் சொன்னார். மூச்சு வாங்கிக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் மிதப்பவளுக்குப் பத்துத் திருத்தங்கள். அடுத்த ஓட்டத்தில் அவள் எதைத்தான் நினைவில் வைத்துக்கொள்வாள்? அதிலும் தோற்றாள். பிறகு எரிச்சல்.

இதற்கும் தாலிக்கும் என்ன தொடர்பு? பத்துப் பிழையை ஒரே மூச்சில் சொல்லுகிற கோச் எந்த ஊரிலும் உண்டு, எந்த நிறத்திலும் உண்டு. காசு வாங்குகிற கோச் அப்படிச் செய்தால் “அவருக்குச் சொல்லித்தரத் தெரியவில்லை” என்று சொல்லி வேறு ஆளைப் பார்ப்போம். கணவர் அதையே செய்தால் “புருஷன் பெண்டாட்டின்னா அப்படித்தான்” என்று கல்யாணத்தின் தலையில் பழியைப் போடுவோம். பிழை கற்பித்த முறையில் இருக்கிறது. முறையை மாற்றிக்கொள்ளலாம். உறவைக் குற்றவாளியாக்கிவிட்டால் மாற்றுவதற்கு ஒன்றுமே மிஞ்சாது, விலகுவதுதான் வழி என்றாகிவிடும்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். சொந்தக்காரன் சொல்லித்தந்தால் உறவு கெடும் என்பது உண்மையானால், அது அப்பாவுக்கும் பொருந்த வேண்டுமே? இந்த நாட்டில் அப்பாவிடம் கற்றவர்களை நாம் தோளில் தூக்கிக் கொண்டாடுகிறோம். பந்திங்கில் சீடெக் அப்துல்லா கமார் தம் ஐந்து மகன்களுக்குப் பூப்பந்து சொல்லித்தந்தார். அவர்களில் ராசிப்பும் ஜலானியும் 1992 இல் பார்சலோனாவில் மலேசியாவின் முதல் ஒலிம்பிக் பதக்கத்தைக் கொண்டுவந்தார்கள். நீர்ச்சறுக்கையே எடுத்துக்கொள்வோம். ஆலியா யூங் ஹனிஃபா எட்டு வயதில், 2011 சீ விளையாட்டுப் போட்டியில் நாட்டுக்காகத் தண்ணீரில் இறங்கினார். 2017 இல் புத்ராஜெயா ஏரியில் தங்கம் வென்றார். அவருக்குப் பயிற்சி தந்தவர் அப்பா ஹனிஃபா யூங். அதைப் படித்தபோது “குடும்பம் கெட்டுவிடும்” என்று யாராவது சொன்னோமா? எட்டு வயதுப் பிள்ளை அப்பாவிடம் எதிர்த்துப் பேச முடியாது. முப்பது வயது மனைவி கணவரிடம் பேசுவாள். எதிர்த்துப் பேசுகிறாள் என்பதைத்தான் நாம் சண்டை என்கிறோமோ என்று எனக்குத் தோன்றுகிறது. கற்கிறவர் “போதும், ஒன்று மட்டும் சொல்லுங்கள்” என்று வாய் திறந்து கேட்பதைவிடக் கற்றலுக்கு உகந்தது எது?

வெளியாளிடம் போ என்ற அறிவுரைக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: வெளியாள் பாரபட்சமில்லாதவர், பாதுகாப்பானவர் என்று. தோட்டத்தில் வாழ்ந்த பெண்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

என் அம்மா தைப்பிங் பட்டணத்துப் பெண். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது பால் வெட்டும் உளியைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. அது லேசான வேலையும் இல்லை. மரத்தில் பால் ஓடுவது பட்டையின் உள்பக்கத்தில். மேலோட்டமாகச் சீவினால் மங்கு நிறையாது. ஒரு நூல் ஆழம் கூடிப்போனால் மரத்தில் காயம் விழும், அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், சில வருடம் கழித்து அதே பக்கத்துக்குத் திரும்பி வருகிறவர் அங்கே உளி வைக்க முடியாது. ஒரு வெட்டுக்கு எடுக்கிற பட்டை ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர்தான். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் இதையெல்லாம் விடிவதற்கு முன், நெற்றி விளக்கு வெளிச்சத்தில் செய்ய வேண்டும்.

அம்மாவுக்கு அப்பாதான் சொல்லித்தந்தார். பால் நிறுத்துப் போட்டுப் பசியாறிவிட்டு, மறுநடவுக்காக வெட்டிச் சாய்க்கப் போகிற ஒரு கிழட்டுத் தீம்பாருக்கு அழைத்துப்போவாராம். அங்கே காயம் பட்டாலும் யாரும் கேட்கப் போவதில்லை. ஒரு மரத்தை அவர் வெட்டுவார், அடுத்ததை அம்மா வெட்டுவார். வெட்டும்போது அப்பா வாயைத் திறக்க மாட்டார், அம்மாவின் கையைப் பார்த்துக்கொண்டும் நிற்க மாட்டார். வெட்டி முடித்த பிறகு குனிந்து, மரத்தடியில் விழுந்த சீவலைப் பொறுக்கி விரல்களுக்கு நடுவே வைத்து நசுக்கிப் பார்ப்பார். “இது தடிப்பு” என்பார். அல்லது ஒன்றும் சொல்லாமல் அடுத்த மரத்துக்குப் போய்விடுவார். சில நாளில் அம்மாவே குனிந்து தன் சீவலைத் தானே எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். ஆளைப் பார்க்காமல் ஆள் செய்ததைப் பார்த்த பாடம் அது. எழுதப் படிக்க அதிகம் தெரியாத ஒரு மனிதர் மனைவிக்குக் கொடுத்த பயிற்சியில், இன்று பயிற்சியாளர்களுக்கு வகுப்பு வைத்துச் சொல்லித்தருவதெல்லாம் இருந்தது.

அப்பா சொல்லித்தராவிட்டால் யார் சொல்லித்தந்திருப்பார்? கங்காணி. இருட்டில், ஆள் நடமாட்டமில்லாத தீம்பாரில், புதிதாக வந்த இளம்பெண்ணுக்குக் கங்காணி தனியாக நின்று சொல்லித்தருவது என்றால் என்ன பொருள் என்பது லயத்துப் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். வசவும் அபராதமும் மட்டுமா அதில் இருந்தது? அதனால்தான் தோட்டத்துப் பெண்கள் தாயிடமும் கணவரிடமும் தொழில் கற்றார்கள். ஒரே நிரையில் பக்கத்துப் பக்கத்து மரங்களில் வேலை பார்த்து, காண்டாவில் பால் சுமந்து, பிள்ளைகளை வளர்த்தார்கள். அந்தத் தோட்டங்கள் செம்பனையாகி, வீட்டுமனையாகி, நாமெல்லாம் ஈப்போ, சிம்மோர் என்று தாமான்களுக்குக் குடிவந்த பிறகுதான் கணவன் மனைவி சேர்ந்து ஒரு வேலை கற்றால் வீடு உடையும் என்கிற ஞானம் நமக்கு வந்திருக்கிறது.

உயர்மட்ட விளையாட்டில் கணவர் மனைவிக்குப் பயிற்சி தருவது நடக்காது என்பார்கள். அஞ்சு பாபி ஜார்ஜை மறந்துவிட்டார்களா? கேரளத்துச் சங்ஙனாச்சேரிப் பெண். 2003 ஆகஸ்டில் பாரிசில் 6.70 மீட்டர் நீளம் தாண்டி, உலகத் தடகளப் போட்டியில் பதக்கம் வென்ற முதல் இந்தியரானார். அடுத்த ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 6.83. ஒரே ஒரு சிறுநீரகத்தோடு இவ்வளவையும் செய்ததாக அவர் வெளியே சொன்னது 2020 இல். பயிற்சி தந்தவர் கணவர் ராபர்ட் பாபி ஜார்ஜ். அவரும் மும்முறைத் தாண்டுதல் வீரர். தம் போட்டிகளை விட்டுவிட்டு மனைவியின் தாண்டுதலுக்காக நின்றவர்.

பதக்கத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, பாரிசுக்கு முன் அந்தக் கணவர் செய்த ஒரு காரியம். தமக்குத் தெரிந்தது போதாது என்று உணர்ந்து மனைவியை அமெரிக்காவுக்கு அழைத்துப்போனார். 1991 இல் 8.95 மீட்டர் தாண்டி உலகச் சாதனை படைத்த மைக் பவலிடம் பயிற்சி எடுக்க வைத்தார். கணவர் கற்றுத்தருவதா, வெளியாள் கற்றுத்தருவதா என்று நம் உறவினர்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். பாபி ஜார்ஜ் இரண்டையும் செய்தார். எப்போது யாரிடம் போக வேண்டும், எத்தனை நாள், திரும்பி வந்து அதில் எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்ய, அந்த உடம்பை ஆண்டு முழுக்கக் கூட இருந்து பார்த்த ஒருவர் வேண்டும். வாரத்துக்கு ஒரு மணி நேரம் வந்துபோகிறவரால் அது முடியாது. அஞ்சுவும் பாபியும் சேர்ந்து பயிற்சி தந்து வளர்த்த ஷைலி சிங் 2021 இல் நைரோபியில் நடந்த இளையோர் உலகப் போட்டியில் வெள்ளி வென்றார். அந்த வீடு பிரியவில்லை, பயிற்சிக்கூடமாக வளர்ந்திருக்கிறது.

அமெரிக்கத் தடகள வீராங்கனை ஜாக்கி ஜாய்னர் கெர்சியும் அப்படித்தான். பயிற்சியாளர் பாப் கெர்சியை 1986 இல் மணந்தார். அதே ஆண்டு மாஸ்கோவில், ஏழு போட்டிகள் கொண்ட ஹெப்டத்லானில் 7000 புள்ளியைத் தாண்டிய முதல் பெண் ஆனார். 1988 இல் சோலில் அவர் எடுத்த 7291 புள்ளியை இன்றுவரை யாரும் முறியடிக்கவில்லை. ஆனால் 1996 அட்லாண்டாவில் நடந்ததைத்தான் நான் அடிக்கடி நினைப்பேன். மழையில், முதல் போட்டியான தடை ஓட்டத்திலேயே ஜாக்கியின் தொடை பிடித்துக்கொண்டது. ஒலிம்பிக் அரங்கு, சொந்த நாடு, கடைசி வாய்ப்பு. நிறுத்து என்று கேட்டுக்கொண்டவர் பாப். கணவராக நின்றுதான் அதைக் கேட்டார். ஜாக்கி விலகினார். சில நாளில் அதே தொடையோடு நீளம் தாண்ட வந்து, கடைசித் தாண்டலில் 7.00 மீட்டர் போய் வெண்கலம் பெற்றார். வீராங்கனை நாளைக்கும் நடக்க வேண்டும் என்ற கவலை பயிற்சியாளருக்கும் இருக்கலாம். கணவருக்கு அது கட்டாயம் இருக்கும், ஏனென்றால் நாளைக்கு அவர்தான் கூட இருப்பார்.

எதிர்வாதங்களில் எனக்குக் கனமாகப் படுவது ஒன்றுதான். வீட்டில் ஏற்கெனவே கணவர் கை ஓங்கியிருக்கிறது. கற்றுத்தருவதும் அவர் என்றால் அதிகாரம் இரட்டிப்பாகும், பிழை செய்தவளைத் திட்டுவதற்கு இன்னொரு களம் கிடைக்கும். இப்படிச் சொல்பவர்கள் பெண்களின் பக்கம் நின்று சொல்கிறார்கள், அதை மதிக்கிறேன். திட்டுகிற கணவரிடம் எதையும் கற்க வேண்டாம். ஆனால் அவரிடம் கார் ஓட்டக் கற்காமல் விட்டால் மட்டும் அந்த வீட்டில் அவள் நிம்மதியாக இருப்பாளா? அது வேறு நோய், அதற்கு வேறு வைத்தியம் வேண்டும். அந்த வீட்டை அளவுகோலாக்கி நல்ல கணவர்களையும் “உன் வேலை இல்லை” என்று உட்கார வைப்பது யாருக்கும் உதவாது.

அதிகாரத்தைப் பொறுத்தவரை ஸ்லாலத்தில் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. படகின் இயந்திரம் ஓட்டுநர் கையில், ஆனால் உத்தரவு சறுக்குபவர் கையில். கட்டைவிரலை மேலே காட்டினால் வேகம் கூட்ட வேண்டும். கீழே காட்டினால் குறைக்க வேண்டும். கழுத்தின் குறுக்கே கையை இழுத்துக் காட்டினால் நிறுத்தியே ஆக வேண்டும். படகில் மூன்றாவதாக ஒருவர் பின்னோக்கி உட்கார்ந்து, சறுக்குபவரையே கவனித்து ஓட்டுநருக்குச் சொல்வார். எல்லாவற்றுக்கும் மேலாக, கைப்பிடியை எந்த நொடியிலும் விட்டுவிடலாம்.

மாப்பிள்ளையிடம் நான் கேட்டுக்கொண்டதும் இதைத்தான்: தண்ணீரில் இருக்கும் இந்த ஒழுங்கைப் பேச்சுக்கும் கொண்டுவாருங்கள். ஓட்டம் முடிந்ததும் அவள் கேட்கிற வரை பேசாதீர்கள். கேட்டால் ஒன்று சொல்லுங்கள். படகில் மூன்றாவதாக இருப்பவர் தொலைபேசியில் படம் பிடித்தால் கரைக்கு வந்து அவளே பார்த்துக்கொள்வாள். வேகத்தைக் கூட்டுவதா, எப்போது என்பதை அவள் விரல் சொல்லட்டும். இப்போது அவள் 46 கிலோமீட்டரில் ஆறு மிதவையும் சுற்றுகிறாள். ஒரு வெளிப் பயிற்சியாளரிடமும் போய்வந்தார்கள், இரண்டு பேரும் சேர்ந்து. அவர் சொன்னதும் வாயிலைப் பற்றித்தான்.

நீர்ச்சறுக்கு வசதியுள்ளவர்களின் விளையாட்டு என்று தள்ளிவிடுகிறவர்களுக்காக, நம் சாலைக்கே வருகிறேன். மலேசியாவில் வண்டி ஓட்டப் பயிற்சி நிலையத்தில்தான் பதிந்து கற்க வேண்டும், சட்டம் அப்படி. ஆகவே இந்தப் பொன்மொழி உண்மையில் வேலை செய்வது தேர்வில் தேறிய பிறகு. கையில் பி லைசென்ஸ், வண்டியில் பி ஸ்டிக்கர், இரண்டு வருடம். பயிற்சி நிலையத்தின் வேலை அதோடு முடிந்தது. அவர்கள் சொல்லித்தந்தது தேர்வு ஓடுதடம். மழையில் சிம்பாங் பூலாய் சந்திப்பில் லாரிகளுக்கு நடுவே தடம் மாறுவதை யாரும் சொல்லித்தரவில்லை. இப்போதுதான் பக்கத்தில் உட்கார ஒருவர் வேண்டும். அந்த நேரத்தில்தான் “புருஷனோட போகாதே, சண்டை வரும்” என்கிறோம். கணவரும் அதைக் கேட்டு நிம்மதியாக விலகிக்கொள்கிறார். பணம் கொடுத்து மறுபடியும் ஆள் வைக்க எல்லா வீட்டிலும் முடியாது. விளைவாக, லைசென்சைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தும் வண்டியை எடுக்காத பெண்கள் என் தெருவிலேயே இருக்கிறார்கள். மருத்துவமனைக்கும் மகளைப் பார்க்கவும் யாராவது வந்து ஏற்றிப்போகக் காத்திருக்கிறார்கள். நல்ல பேருந்து வசதி இல்லாத ஊரில் இது சின்ன இழப்பா?

இந்தப் பொன்மொழியில் கற்றுத்தருபவர் எப்போதும் கணவர், கற்பவள் எப்போதும் மனைவி. வீட்டில் நடப்பதோ இரண்டு பக்கமும். தோட்டத்தை விட்டு வந்த பிறகு வங்கிப் படிவம் நிரப்பவும், மலாயில் அலுவலகக் கடிதம் எழுதவும் என் அப்பாவுக்கு அம்மாதான் சொல்லிக்கொடுத்தார். பட்டணத்தில் படித்தவர் அம்மா. அப்பா எழுதும்போது அவர் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். எழுதி முடித்த தாளை வாங்கிப் பார்த்து, ஒரு பிழையை மட்டும் விரலால் காட்டுவார்.

லைசென்ஸ் எடுத்தும் ஓட்டாமல் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: கணவரைப் பக்கத்து இருக்கையில் உட்காரச் சொல்லுங்கள். நான் கேட்டால் மட்டும் பேசுங்கள், ஒன்று மட்டும் சொல்லுங்கள் என்று சாவியைத் திருப்புவதற்கு முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள். எந்தச் சாலை, எவ்வளவு தூரம் என்பதை நீங்கள் தீர்மானியுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு மேரு பக்கத்துச் சாலைகளில் வண்டி அதிகம் இருக்காது.